பின்சீட்டுக்கு ஓர் உறவினர்

எனக்கு யாரும் இல்லை என்பதை முறைப்படி கண்டுபிடித்தது ஓட்டுநர் உரிம அலுவலகம்தான். அதுவரை எனக்கே அது அவ்வளவு உறுதியாகத் தெரியாது. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது, பிள்ளை குட்டி கிடையாது, பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் திறக்கும்போது சிரித்துவிட்டுச் சாத்தும்போது மறந்துவிடுவார்கள். இதெல்லாம் தனித்தனியாகத் தெரியும். எல்லாவற்றையும் கூட்டினால் என்ன விடை வரும் என்று நான் கூட்டிப் பார்த்ததில்லை. அரசாங்கம் எனக்காகக் கூட்டிப் பார்த்தது.

அக்கா ஒருத்தி இருக்கிறாள். அடுத்த ஊரில், தனியாக. அவளுக்குக் காது மந்தம். போனில் பேசினால் என் குரல் குழாயில் தண்ணீர் வருகிற சத்தம் மாதிரி கேட்கிறதாம். எதிரே உட்கார்ந்து உதட்டைப் பார்த்தால் எல்லாம் புரியும், நான் சொல்லாததும் சேர்த்துப் புரியும். அவள் ஊருக்குப் போய்க்கொண்டிருந்த பஸ்ஸை, அதில் யாரும் ஏறுவதில்லை என்று நிறுத்திவிட்டார்கள். நான் ஏறிக்கொண்டுதான் இருந்தேன். ஒரு தடவை வாடகைக் கார் எடுத்துப் போனேன். அந்த டிரைவர் வாசலில் நின்றுகொண்டு ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். அக்காவுக்குக் கேட்கவில்லை, எனக்குக் கேட்டது. பாதிப் பேச்சில் எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டுக்காரர் இருந்தவரை இந்தத் தொல்லை இல்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் காரில் கூட்டிப் போவார். நெடுஞ்சாலை இடப்பக்கமாக வளைகிற ஓர் இடத்தில் வலப்பக்கம் திரும்பினால் அக்கா ஊர். எதிரே வருகிற வண்டி இடப்பக்கத்து வளைவிலிருந்துதான் முளைக்கும். அங்கே வந்ததும் வண்டியை மெதுவாக்கி, "இடப்பக்கம் எதாவது வருதா பாரு" என்பார். நான் எட்டிப் பார்த்து, "வரலை, போங்க" என்பேன். எங்கள் கல்யாணத்தில் நான் கார் ஓட்டியது அவ்வளவுதான். "நானும் கத்துக்கறேனே" என்று எப்போதாவது சொல்லிப் பார்த்தது உண்டு. "எதுக்கு? நான் இருக்கேன்ல" என்பார். அவர் பொய் சொல்கிற ஆளில்லை. அந்த ஒன்றில்தான் ஏமாந்துவிட்டார், என்னையும் ஏமாற்றிவிட்டார்.

கார் வாசலில் நின்றது. ஒரு நாள் பின்னால் தலையணை வைத்துக்கொண்டு அவருடைய சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். கால் நுனி மட்டும்தான் எட்டியது. அவர் கால் நீளம். சீட்டை முன்னுக்குத் தள்ள அடியில் ஒரு பிடி இருக்கிறது, அதை இழுத்தால் போதும். இழுக்கவில்லை. அவர் வைத்த இடத்திலேயே மிச்சமிருந்தவை ரொம்பக் கொஞ்சம், அந்த சீட்டும் ஜன்னலோரத்து நாற்காலியும் அதில் சேர்த்தி. தலையணையோடு இறங்கி, ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் போய்ச் சேர்ந்தேன்.

பள்ளி என்றால் ஒரு அறை, ஒரு மேஜை, ஒரு கார், ஒரு மாஸ்டர். மாஸ்டர் முதல் நாளே என்னை நேராகக் கேட்டார்.

"அம்மா, உங்களுக்கு லைசென்ஸ் வேணுமா, கார் ஓட்டணுமா? முதல்லயே சொல்லிடுங்க. ரெண்டும் வேற வேற கோர்ஸ்."

"ரெண்டும்தான் வேணும்."

"கார் ஓட்டற கோர்ஸ் இப்ப இல்லம்மா. யாரும் சேர்றதில்ல, எடுத்துட்டோம்."

ஆகவே லைசென்ஸ் கோர்ஸில் சேர்ந்தேன். மாஸ்டர் திறமைசாலி, அதில் சந்தேகம் இல்லை. பரிசோதனையில் எது உண்டோ அது அத்தனையும் அவருக்கு அத்துப்படி. எது கிடையாதோ அது உலகத்திலேயே கிடையாது. கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலையில் தட்டாத குறையாக நிறுத்தினார்.

"கண்ணாடியைப் பார்க்காதீங்கம்மா. பார்க்கற மாதிரி தலையைத் திருப்பணும். நீங்க கண்ணாடியைப் பார்க்கறீங்களான்னு பரிசோதகருக்கு எப்படித் தெரியும்? அவர் பார்க்கறது உங்க தலையை."

வீட்டில் சமையலறையில் நின்று தலையைத் திருப்பிப் பழகினேன். வலது, இடது, மேலே. யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு யார் பார்க்கப் போகிறார்கள் என்று தோன்றியது. அதற்கப்புறம் கூச்சம் போய்விட்டது, வேறு ஒன்று வந்தது.

இரண்டு வாரம் கழித்து எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஒவ்வொரு நாளும் இடப்பக்கமே திரும்பிக்கொண்டிருந்தோம்.

"மாஸ்டர், வலப்பக்கம் எப்பத் திரும்பப் போறோம்?"

"வலப்பக்கமா? எதுக்கு?"

"எங்கக்கா வீட்டுக்குப் போக வலப்பக்கம்தான் திரும்பணும்."

மாஸ்டர் வண்டியை ஓரங்கட்டச் சொன்னார். அலுவலகத்தின் பரிசோதனை மைதானத்தில் வலப்பக்கம் சுவர் என்றும், அந்தச் சுவர் பக்கத்து இலாகாவுக்குச் சொந்தம் என்றும், எனவே பரிசோதனையில் இடப்பக்கத் திருப்பம் மட்டும்தான் என்றும் பொறுமையாக விளக்கினார்.

"அப்ப வலப்பக்கம் போக வேண்டியவங்க?"

"மூணு தடவை இடப்பக்கம் திரும்பினா வலப்பக்கம்தானேம்மா. ஊர்ல எல்லாரும் அப்படித்தான் போறாங்க. நீங்க கவனிச்சதில்லையா?"

கவனித்திருக்கிறேன். எங்கள் தெருவை அதே கார்கள் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்து, எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறார்கள் என்று இத்தனை நாள் பாவப்பட்டுக்கொண்டிருந்தேன்.

பரிசோதனைக்கு நாள் குறிக்க அலுவலகத்துக்குப் போனேன். கூடத்தில் பெரிய எழுத்தில் 'பயணி இன்றி ஓட்டுநர் இல்லை' என்று எழுதியிருந்தது. பெஞ்சுகளில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் பாட்டில், டிபன் டப்பா, விசிறி. ஏதோ விசேஷ வீட்டுக்குள் தப்பி நுழைந்த மாதிரி இருந்தது. கவுண்டரில் இருந்த பெண் என் தாள்களைப் புரட்டினாள், பிறகு எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"உடன்பயணி எங்க?"

"யாரு?"

"கூட வந்தவங்க. டெஸ்ட் அப்போ பின்சீட்ல உக்காரணும். ரத்த சொந்தம், இல்லன்னா கல்யாண சொந்தம். டெஸ்ட் முடிஞ்சதும் அவங்களைத்தான் விசாரிப்போம், பயமா இருந்துச்சா, இல்லையான்னு."

எனக்கு நம்பிக்கை வரவில்லை என்று பார்த்து, ஜன்னல் வழியாக மைதானத்தைக் காட்டினாள். அங்கே ஒரு மருமகள் பரிசோதனையில் இருந்தாள். பின்சீட்டில் மாமியார். வண்டி இன்னும் கிளம்பவே இல்லை, அதற்குள் மாமியார் பயமாக இருந்தது என்று சொல்லி முடித்துவிட்டார். மருமகள் பெயில். அடுத்து வந்தவர் மனைவியைப் பின்னால் உட்கார வைத்திருந்தார். முதல் வளைவில் ஏதோ பழைய விஷயம் கிளம்பி, இரண்டாவது வளைவில் சண்டை முற்றியது. கணவன் மனைவி இருவரும் சொன்னதைப் பரிசோதகர் கேட்டு, மனைவி பக்கம் நியாயம் இருப்பதாகத் தீர்ப்புச் சொல்லி அவரையும் பெயிலாக்கினார். அவர் வண்டியை நன்றாகத்தான் ஓட்டினார்.

"எனக்கு அக்கா மட்டும்தான் இருக்கா" என்றேன்.

"கூட்டிட்டு வாங்க."

"கூட்டிட்டு வரணும்னா நான் கார் ஓட்டணும்."

"ஓட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வாங்க."

"லைசென்ஸ் இல்லாமயா?"

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள். "லைசென்ஸ் இல்லாம ஓட்டக் கூடாதும்மா. முதல் பாடமே அதுதானே."

"வாடகைக் கார்ல வரச் சொல்லட்டுமா?"

"வாடகைக் கார்ல வந்தா அவங்க அந்த டிரைவரோட பயணி. வாடகைப் பயணியா வந்தவங்க அன்னைக்கே சொந்தமா உக்கார முடியாது." பிறகு, மனசு கேட்காமல், கொஞ்சம் குரலைத் தாழ்த்தினாள். "வேற யாருமே இல்லையா? நல்லா யோசிச்சுப் பாருங்க. ஒருத்தர் கூடவா இல்லாம போயிடுவாங்க?"

வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற குடும்பம் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டது. நான் நல்லா யோசித்துப் பார்த்தேன். அவள் என் தாளின் மூலையில் பென்சிலால் 'யாரும் இல்லை' என்று எழுதிக்கொண்டாள். கையெழுத்து அழகாக இருந்தது.

வெளியே சுவர் நிழலில் ஒருவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, வாரிய தலை, சாந்தமான முகம். எந்தக் குடும்பப் படத்திலும் இரண்டாவது வரிசையில் நிற்கக்கூடிய ஆள். எல்லாரும் அவரை மாமா என்றார்கள். பின்சீட்டுக்கு ஆள் இல்லாதவர்களுக்கு உறவாக வருவதுதான் அவர் தொழில்.

"நான் உங்களுக்கு என்ன வேணும்?" என்று விசாரித்தார். "அப்பான்னா வயசு ஒட்டாது. அண்ணனா இருக்கட்டும்."

"தம்பியா வர முடியாதா?"

"தம்பி சொன்னா பரிசோதகர் காதுலயே போட்டுக்க மாட்டாரும்மா. அண்ணன்தான் எடுபடும்." ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். "கொஞ்சம் ஒத்திகை பார்த்துடுவோம். அண்ணன் தங்கச்சின்னா பேச்சுல தெரியணும்." தொண்டையைக் கனைத்துக்கொண்டு குரலை மாற்றினார். "சாப்பிட்டியாம்மா?"

ஒரு வருஷமாக அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் முந்தானையை எடுத்துக் கண்ணில் வைத்தேன்.

"அழாதேம்மா" என்றார் மாமா, அண்ணன் குரலிலேயே. பிறகு சொந்தக் குரலில், "டெஸ்ட்ல இது வேண்டாம். பரிசோதகர் என்னைத் தப்பா நினைப்பார்" என்றார்.

பரிசோதனை நாளன்று மத்தியானம் என் முறை வந்தது. பயிற்சிப் பள்ளியின் காரில் ஏறினேன். பின்னால் அண்ணன் பெல்ட் போட்டுக்கொண்டார். முன்னால் என் பக்கத்தில் பரிசோதகர் உட்கார்ந்தார். ஒல்லியான மனிதர், சந்தோஷப்பட்டு நாளாகியிருக்கும் என்று தோன்றியது. திரும்பிப் பின்சீட்டைப் பார்த்தார். கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தார்.

"இவர் யாரு?"

"என் அண்ணன்."

"காலையில ஒரு தாடிக்காரர் வந்தார். இவர் அவருக்கு அப்பா."

மாமா ஜன்னலுக்கு வெளியே எதையோ ஆர்வமாகப் பார்த்தார். பரிசோதகருக்குக் கோபம் வரவில்லை. விரலை மடக்கி நிதானமாகக் கணக்குப் போட்டார். "இவர் அவருக்கு அப்பா. இவர் உங்களுக்கு அண்ணன். அப்படின்னா அந்தத் தாடிக்காரர் உங்க அண்ணன் மகன். உங்களுக்கு மருமகன் முறை. சரிதானே?"

முறை சரிதான். அதில் தவறு சொல்ல முடியாது.

"உங்க மருமகன் காலையில பெயில். குடும்பத்துல ஒருத்தர் பெயிலானா அந்த மாசம் அதே குடும்பத்துல வேற யாருக்கும் டெஸ்ட் கிடையாது. கவலையில இருக்கற வீட்டு ஆளுங்க கவனமா ஓட்ட மாட்டாங்கன்னு எங்க அனுபவம். இறங்குங்க."

நான் சாவியைத் திருகக்கூட இல்லை. வாசலுக்கு வந்தால் அங்கே அந்தத் தாடிக்காரர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். விஷயம் அவர் காதுக்கு எட்டிவிட்டது. "என்னாலதானே உங்களுக்கும் போச்சு. மன்னிச்சுக்கங்க அத்தை" என்றார். பரவாயில்லை என்றேன். ஒரே நாளில் எனக்கு ஓர் அண்ணனும் மருமகனும் கிடைத்தார்கள், சாயங்காலத்துக்குள் இருவரும் அவரவர் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்கள். என் பஸ் வர நேரமாயிற்று.

அடுத்த மாதம் தலைமை அதிகாரியைப் போய்ப் பார்த்தேன். அவர் அறையில் மேஜை மேல் ஒரு பொம்மைக் கார் இருந்தது. பேசும்போது அதை இடப்பக்கமாகவே உருட்டிக்கொண்டிருந்தார். நான் சொன்னதை முழுசாகக் கேட்டார். அந்த அலுவலகத்தில் முழுசாகக் கேட்டவர் அவர் ஒருவர்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

"பாருங்கம்மா, இந்த விதியோட அருமை உங்களுக்குத் தெரியலை. எனக்கு முன்னாடி இருந்த அதிகாரி பெரிய மேதை. ஒரு தடவை அவர் தனியா காரை எடுத்துட்டுப் போய் வழி தப்பிட்டார். பக்கத்துல திட்ட யாருமில்ல. திட்ட ஆள் இல்லாததாலதான் தப்பு பண்ணினோம்னு புரிஞ்சுக்கிட்டார். திரும்பி வந்ததும் எழுதின விதி இது. தனியா ஓட்டறவங்களை நாங்க ஓட்டுநராவே கருதறதில்ல."

"நீங்க எப்படிங்க ஆபீசுக்கு வர்றீங்க?"

"எனக்கு டிரைவர் இருக்கார். எனக்கு ஓட்டத் தெரியாதும்மா. தெரிஞ்சுக்கவும் கூடாது. தெரிஞ்சா ஓட்டறவங்க பக்கம் பாரபட்சம் வந்துடும்." பொம்மைக் காரை நிறுத்தினார். "எனக்கு ஒண்ணுதான் புரியலை. யாருமே இல்லைங்கறீங்க. யாருமே இல்லாதவங்க எங்க போகப் போறீங்க?"

அவர் மனசறிந்து புண்படுத்தவில்லை. பதில் தெரிந்துகொள்ளவே கேட்டார். அதுதான் வலித்தது. அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது, அதையும் பறிகொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய் உட்கார முடியாது.

"எங்கக்காவைப் பார்க்கப் போகணும். அவளுக்குக் காது கேட்காது. நான் போகலைன்னா அவகிட்ட யாரும் பேச மாட்டாங்க. எங்கிட்டயும் யாரும் பேச மாட்டாங்க."

அவர் பொம்மைக் காரை ஒதுக்கி வைத்தார். மணியை அடித்தார். வந்த ப்யூனிடம், "அவரைக் கொண்டு வாப்பா" என்றார்.

'அவர்' என்பது ஒரு மணல் மூட்டை. ஒரு சராசரி உறவினரின் எடைக்கு முன்னொரு காலத்தில் கட்டியதாம். மூலையில் ஓட்டை விழுந்து, வருஷக்கணக்கில் மணல் கசிந்து, இப்போது பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் கனம்தான் இருந்தது. கழுத்தில் ஓர் அட்டை தொங்கியது. பதிலிப் பயணி.

"யாரும் இல்லாதவங்களுக்கு அரசாங்கமே சொந்தம்" என்றார் தலைமை அதிகாரி. "இது வரைக்கும் இவர் யார் மேலயும் ஒரு குறை சொன்னதில்ல. நான் பார்த்த சொந்தக்காரங்கள்ல இவர்தான் உத்தமம்."

மறுபடி மைதானம். ப்யூன் மூட்டையைப் பின்சீட்டில் உட்கார வைத்து பெல்ட் மாட்டினார். பரிசோதகர் ஏறினார். நான் தலையை வலது, இடது, மேலே என்று திருப்பிவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.

"பயணிகிட்ட பேசுங்க" என்றார் பரிசோதகர்.

"எதுக்குங்க?"

"பேசாம ஓட்டினா அது சரக்கு வண்டி. சரக்கு வண்டிக்கு வேற லைசென்ஸ்."

"சௌகரியமா இருக்கீங்களா?" என்று மூட்டையைக் கேட்டேன். பரிசோதகர் போதாது என்பதுபோல் கையை அசைத்தார். இடப்பக்கம் திரும்பினேன். என்ன பேசுவது? ஓட்டுகிறவர் சீட்டில் இருந்துகொண்டு பேசி எனக்குப் பழக்கமில்லை. எங்கள் வண்டியில் பேசிக்கொண்டே வந்தது நான், கேட்டுக்கொண்டே ஓட்டியது அவர்.

"சமையலறைக் குழாய் இன்னும் சொட்டுது" என்றேன். "ஆள் கூப்பிடணும். கூப்பிட்டா சரி பண்ணிடுவாங்க, அப்புறம் அந்தச் சத்தமும் இருக்காது. அதனால கூப்பிடலை." இன்னொரு திருப்பம். "ஒருத்திக்குச் சமைக்க இன்னும் அளவு வரலை. மிஞ்சிப் போகுது. மறுநாள் அதையே சாப்பிடறேன், அதுவும் மிஞ்சுது. பாத்திரம் எல்லாம் பெருசு பெருசா வாங்கி வச்சிட்டோம், யாராவது வருவாங்கன்னு." வண்டி தானாகப் போகிற மாதிரி போய்க்கொண்டிருந்தது. "உங்க செருப்பை வாசல்லயே விட்டிருக்கேன். திருட்டு பயத்துக்குன்னு பக்கத்து வீட்டுல சொல்லியிருக்கேன். திருட்டு பயம்லாம் இல்லை. கதவைத் திறக்கும்போது அது அங்க இருக்கணும்."

எத்தனை சுற்று போனேன் என்று தெரியவில்லை. நிறுத்துங்கள் என்று பரிசோதகர் சொல்லவில்லை. பேனாவை மூடி சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மடியில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். வரிசையில் நின்றவர்கள் சத்தம் போட்ட பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது.

வண்டி நின்றதும் விதிப்படி பின்பக்கம் திரும்பி, "பயமா இருந்துச்சா?" என்று மூட்டையைக் கேட்டார். விதிப்படி காத்திருந்தார். 'பயணி ஆட்சேபிக்கவில்லை' என்று எழுதினார். இறங்கும்போது என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"தினமும் குடும்பம் குடும்பமா பார்க்கறேம்மா. பின்சீட்ல இருக்கறவங்ககிட்ட யாரும் இவ்வளவு பேசினதில்ல."

லைசென்ஸ் வந்தது. அதில் என் படத்துக்குக் கீழே சிவப்பு மையில் ஒரு நிபந்தனை. உடன்பயணியுடன் மட்டும். கவுண்டர் பெண்ணிடம் கேட்டேன். மூட்டையையும் சேர்த்தே தருகிறோம், கவலைப்படாதீர்கள் என்றாள். அதன் அட்டையின் பின்பக்கம் முத்திரை குத்திக் கொடுத்தாள். 'உறவினர் கிடைத்ததும் திருப்பிக் கொடுக்கவும்.'

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூட்டையைப் பின்சீட்டில் உட்கார வைத்து பெல்ட் மாட்டினேன். அவருடைய சீட்டில் ஏறித் தலையணையை முதுகுக்குப் பின்னால் வைத்தேன். நடு ரோட்டில் தலையணை நழுவினால் கால் பிரேக்குக்கு எட்டாது. தெரிந்ததுதான். இருந்தாலும் சாவியை நுழைத்தேன். பிறகு தலையணையை எடுத்துப் பின்னால் மூட்டையின் பக்கத்தில் போட்டேன். சீட்டுக்கு அடியில் கையை விட்டுப் பிடியை இழுத்தேன். ஒரு சத்தம் கேட்டது, சீட் முன்னுக்கு வந்தது, கால் எட்டியது. அவ்வளவுதான். அதற்கு ஒரு வருஷம் பயந்திருக்கிறேன்.

ஊருக்குள் இடப்பக்கமாகவே சுற்றி, எல்லாரோடும் சேர்ந்து நானும் தொலைத்ததைத் தேடி, ஒரு வழியாக நெடுஞ்சாலைக்கு வந்தேன். அக்கா ஊர்த் திருப்பம் தூரத்தில் தெரிந்தது. மூன்று தடவை இடப்பக்கம் திரும்பலாம் என்றால் அங்கே இடப்பக்கம் சாலையே கிடையாது, வெறும் வயல். வண்டியை மெதுவாக்கினேன். வலப்பக்க விளக்கைப் போட்டேன். அதுவரை அந்த விளக்கு எரியுமா என்றே தெரியாது.

"இடப்பக்கம் எதாவது வருதா பாரு" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. பின்சீட்டிலிருந்து பதில் இல்லை. அரசாங்கத்தைக் குற்றம் சொல்ல முடியாது, பேசும் என்று அவர்கள் எனக்கு வாக்குக் கொடுக்கவில்லை. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. நானே இடப்பக்கம் எட்டிப் பார்த்தேன். தலையைத் திருப்புகிற மாதிரி இல்லை, பார்த்தேன். வலப்பக்கமும் பார்த்தேன். எதிரே பார்த்தேன்.

"வரலை, போ" என்று எனக்கே சொல்லிக்கொண்டு திரும்பினேன்.

அக்கா வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். வண்டியின் சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை, நிழல் விழுந்ததும் நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள்.

"யாரு கூட்டிட்டு வந்தா?"

"நான்தான்."

அவள் என் உதட்டை நம்பாமல் ஓட்டுநர் பக்கம் குனிந்து பார்த்தாள். யாரும் இல்லை. பின்சீட்டைப் பார்த்தாள்.

"இது யாரு?"

"ஆபீஸ்ல குடுத்தாங்க. தனியா ஓட்டக் கூடாதாம். எனக்கு யாரும் இல்லைன்னு இவரைத் துணைக்கு அனுப்பியிருக்காங்க."

அக்கா சிரித்தாள். தன் சிரிப்பு தனக்குக் கேட்காததால் அவள் எப்போதும் தெருவுக்கே கேட்கிற மாதிரிதான் சிரிப்பாள். சிரித்து முடித்துவிட்டு, பெருக்குமாறைச் சுவரில் சாய்த்துவிட்டு, என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "யாரும் இல்லைன்னா சொன்னே?" என்றாள். நான் சொல்லவில்லை, அவர்கள்தான் எழுதிக்கொண்டார்கள் என்றேன். அவளுக்கு அது புரிந்ததா, தெரியாது. உள்ளே போய் எனக்குச் சாப்பாட்டுத் தட்டை எடுத்து வைத்தாள்.

அன்றைக்கு முழுக்கப் பேசினோம். வாசலில் யாரும் ஹாரன் அடிக்கவில்லை. குழாய், பாத்திரம், செருப்பு எல்லாவற்றையும் சொன்னேன். மூட்டைக்கு ஏற்கெனவே தெரிந்த கதைதான். ஆனால் அக்கா நடுநடுவே திட்டினாள். என்னோடு வந்து இருந்துவிடேன் என்றேன். இந்த வீட்டை விட்டு எங்கும் வருவதாக இல்லை என்றாள். எனக்கும் அந்தப் பதில் தெரியும், கேட்காமல் இருக்க முடியவில்லை.

கிளம்பும்போது, "போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு" என்றாள்.

"உனக்குத்தான் கேட்காதேக்கா."

"கேட்காட்டி என்ன? மணி அடிச்சா அதுல விளக்கு மின்னும். நான் பக்கத்துலயே உக்காந்திருக்கேன். நீ வந்துட்டேன்னு எனக்குத் தெரிஞ்சா போதும்."

வலப்பக்கம் வந்தவள் திரும்பும்போது இடப்பக்கம்தான், அதனால் அலுவலகம் சொல்லிக்கொடுத்ததே போதுமானதாக இருந்தது. பொழுது சாயும்போது வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். செருப்பு அதன் இடத்தில் இருந்தது. விளக்கைப் போட்டுவிட்டு அக்காவுக்குப் போன் செய்தேன். ஒரு மணிகூட முழுசாக அடிக்கவில்லை, எடுத்துவிட்டாள். நான் எதுவும் பேசவில்லை. பேசினாலும் அவளுக்குத் தண்ணீர் சத்தம்தானே. அவள் பேசினாள்.

"வந்துட்டியா? சரி. சாப்பிட்டுப் படு. மழை வர்ற மாதிரி இருக்கு, அந்த மூட்டையை வண்டியிலயே விட்டுடாதே. உள்ள கொண்டு போய் உக்கார வை."

போனை வைத்துவிட்டாள்.

பெல்ட்டைக் கழற்றி மூட்டையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தேன். கூடத்தில் இரண்டு நாற்காலிகள். ஜன்னலோரத்தில் இருப்பது அவருடையது, இந்த ஒரு வருஷத்தில் அதில் யாரும் உட்கார்ந்ததில்லை. அதில் மூட்டையை வைக்க எனக்கு மனசு வரவில்லை. என்னுடைய நாற்காலியில் வைத்தேன். சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. நான் அவருடையதில் உட்கார்ந்தேன்.